எங்கள் பேட்டைக் கண்காட்சி

பானை வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்கிறார்? தட்டிப் பார்க்கிறார். விலை கேட்பது பிறகுதான். விரலை மடக்கி, கணுவினால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சற்றே சாய்த்துக் கேட்கிறார். நன்றாக வெந்த பானையாக இருந்தால் வெண்கலம் போலக் கணீரென்று ஓசை எழும். மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் அந்த ஓசை செத்துவிடும். கண்ணுக்குப் புலப்படாத குற்றத்தைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. நம் பாட்டிமார் இந்தப் பரீட்சையை எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றவர்கள் அல்லர். ஆனாலும் இதில் ஏமாந்துபோன பாட்டி ஒருத்தியை நான் கண்டதில்லை.

இவ்வாறு தட்டிப் பார்த்து வாங்க வேண்டிய பொருளின் முன்னே, 'தயவுசெய்து தொடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஓர் அட்டையை நிறுத்தியவன் நான். அந்த அட்டையின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சென்னையில் புரசைவாக்கத்தை அடுத்துக் கொசப்பேட்டை என்று ஒரு பகுதி இருக்கிறது. குயவரைக் குசவர் என்றும் வழங்குவது உண்டு. குசவர்கள் குடியிருந்த பேட்டை கொசப்பேட்டை ஆயிற்று. பெயர் வெறும் பெயராக நின்றுவிடவில்லை. விநாயக சதுர்த்திக்கு முன்னால் அங்கே போய்ப் பார்த்தால், தெருத் திண்ணைகளில் ஈரம் காயாத பிள்ளையார்கள் வரிசையாக அமர்ந்திருப்பதைக் காணலாம். அது முடிந்ததும் கொலுப் பொம்மைகள். பிறகு கார்த்திகைக்கு அகல் விளக்கு. அதன் பின் பொங்கற் பானை. நகரம் நாலா பக்கமும் மாடி மேல் மாடியாக உயர்ந்த பிறகும், மண்ணைப் பிசைந்து பிழைக்கும் குடும்பங்கள் சில அங்கே இன்னும் இருக்கின்றன.

அந்தப் பேட்டைக்கு அதிகத் தொலைவில்லாமல், பூந்தமல்லி நெடுஞ்சாலையில், இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்று வழங்கும் கலாசாலை இருக்கிறது. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-ஆம் ஆண்டு தொடங்கிய சித்திரப் பள்ளியின் வழிவந்தது அது. நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்குச் சித்திரப் பள்ளி நடத்தும் ஆசை ஏன் வந்ததோ, அது நமக்கு நல்லதாயிற்று. சித்திரத்தோடு மண்பாண்டத் தொழிலும் அந்தப் பள்ளியில் ஆதிநாள் முதலே இடம் பெற்றது. பின்னாளில் தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929 முதல் 1957 வரை அங்கே தலைமை வகித்தார். மெரினாக் கடற்கரையில் பாறையை நெம்பி நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவருக்குப் பின் வந்த கே. சி. எஸ். பணிக்கர், 1966-இல் கலைஞர் பலரைச் சேர்த்துக்கொண்டு சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். ஆக, ஒரு பக்கம் பட்டம் பெற்ற ஓவியர்கள், மறு பக்கம் பரம்பரைக் குயவர்கள். இரு சாராரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறவர்கள். ஒரே கூரையின் கீழ்த் தம் வேலையைக் காட்டியதை மட்டும் நான் பார்த்ததில்லை.

பேட்டையைச் சேர்ந்த நாங்கள் சிலர் கூடி இந்தக் குறையை நீக்குவது என்று தீர்மானித்தோம். ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தை மூன்று நாட்களுக்குக் கேட்டு வாங்கினோம். மார்கழிக் கடைசியில் நடத்துவது என்று நாளும் குறித்தாகிவிட்டது. ஊரெங்கும் கச்சேரியும் கதையுமாக இருக்கிற காலம்; வெளியூர்க்காரர்களும் வருவார்கள்; இதைவிடப் பொருத்தமான வேளை ஏது என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். அழைப்பிதழை எடுத்துக்கொண்டு முதிய குயவர் ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, நிதானமாகப் படித்தார்.

"ஐயா, மார்கழிக் கடைசி என்றால் எங்களுக்குச் சூளை வாரம் ஆயிற்றே" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொங்கலுக்கு முந்தின வாரத்தில் குயவரைக் கண்காட்சிக்கு வா என்று அழைப்பது, அறுவடை நாளில் உழவனைப் பட்டிமன்றத்துக்குக் கூப்பிடுவதற்கு ஒப்பானது. பிறகு அவரே தம்முடைய ஆண்டுக் கணக்கை விரல் மடக்கிச் சொன்னார். ஆவணியும் புரட்டாசியும் பொம்மைக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை உண்டு, ஆனால் மழை இருக்கும், வனைந்தது காயாது. மார்கழி பொங்கற் பானைக்கு. பங்குனி பிறந்தால் தண்ணீர்ப் பானைக்கும் கூஜாவுக்கும் ஆள் வந்துவிடும். கை சற்று ஓய்ந்திருப்பது மாசி ஒன்றுதான். ஆகவே அச்சிட்ட அழைப்பிதழ்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மாசிக்குத் தள்ளிப் போட்டோம். ஓவியர்களில் கல்லூரி மாணவர் சிலருக்குத் தேர்வு நெருங்கும் நேரம் அது, அவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தாலும் வந்தார்கள்.

காட்சியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னுடையது. கூடத்தின் சுவர்களில் ஓவியங்களை மாட்டினோம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. பக்கத்தில் வெள்ளை அட்டையில் ஓவியர் பெயர், படத்தின் பெயர், வண்ணத்தின் வகை, விலை. பானைகளுக்குக் கூடத்தில் இடம் போதவில்லை. 'போதவில்லை' என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்தச் சொல்லைச் சொல்ல நா கூசுகிறது. தாழ்வாரத்தில், வருகிறவர்கள் செருப்பை விடுகிற இடத்துக்கு எதிரே, இரண்டு பெஞ்சுகளைப் போட்டு அவற்றின்மேல் பானைகளை அடுக்கினேன். 'மண்பாண்டங்கள், கொசப்பேட்டை' என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஓர் அட்டை. அதன் பக்கத்திலேதான் அந்தத் 'தொடாதீர்கள்' அட்டையும்.

திறப்பு விழாவுக்கு முந்தின மாலை முதியவரும் அவருடைய மருமகளும் வந்தார்கள். பெரியவர் ஒன்றும் பேசாமல் பானைகளைப் பார்த்தார். உள்ளே போய்ப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மருமகள்தான் கேட்டாள்: "படத்துக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டியிருக்கிறீர்களே ஐயா, எங்கள் பானைக்கு மட்டும் ஏன் ஊர்ப் பேர்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அந்தக் கேள்வி தைத்தது. முப்பது படங்களுக்கு முப்பது அட்டை எழுதிய கைக்கு, பானைக்கு ஒரு பெயர் எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை. பானையை யாரோ செய்கிறார்கள். படத்தை இன்னார் எழுதுகிறார். இந்தப் பேதம் என் மனத்தில் எப்போது குடிபுகுந்தது என்று எனக்கே தெரியாது.

நண்பர்களே, இது நேற்று வந்த பேதம் அன்று போலும். மதுரைக்கு அருகே கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் பல கிடைத்தன. ஆதன், குவிரன் என்பன போன்ற ஆட்பெயர்கள் அவற்றில் காணப்படுகின்றன. எழுத்தின் போக்கு ஓட்டுக்கு ஓடு மாறுபடுவதால், அவை வனைந்த குயவர் எழுதியவை அல்ல, பானைக்கு உடையவர்கள் தாமே எழுதியவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நம் ஊரில் எழுத்தறிவு எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இது சான்று, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பானையை வனைந்தவன் பெயர் என்ன? உடையவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் நிலைத்திருக்கிறது. செய்தவன் பெயர் அன்றைக்கே போய்விட்டது.

குயவரைத் தமிழ் இலக்கியம் மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். புறநானூற்றில் ஒரு பெண், கணவனை இழந்தவள், குயவரை நோக்கித் தன்னையும் சேர்த்து அடக்கம் செய்யும் அளவுக்கு அகலமான தாழி ஒன்று வனையும்படி வேண்டுகிறாள். அந்தப் பாட்டின் துயரத்தை அறிய விரும்புகிறவர்கள் தாமிரவருணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூருக்குப் போகவேண்டும். அலெக்ஸாண்டர் ரீ என்பவர் 1899 முதல் சில ஆண்டுகள் அங்கே அகழ்ந்தார். 2004-இல் மீண்டும் அகழ்ந்தபோது நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஓர் ஆளைக் கால் மடக்கி உட்கார்த்தி வைக்கும் அளவு பெரிய கலங்கள்! இவ்வளவு பெரிய கலத்தைச் சரியாமல் வனைந்து, வெடிக்காமல் சுட்டெடுப்பது எளிய காரியமா? சிதம்பரத்தில் வாழ்ந்த திருநீலகண்டரை, குயவராகவே, நாயன்மார் வரிசையில் வைத்துப் பாடியிருக்கிறார் சேக்கிழார். ஏட்டில் இவ்வளவு மரியாதை செய்த சமூகந்தான் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டது.

அன்று இரவே பெஞ்சுகளைத் தூக்கிக் கூடத்தின் நடுவில் போட்டோம். அட்டையை எடுத்துக்கொண்டு, "பெரியவரே, உங்கள் பெயரை எழுதிவிடுகிறேன்" என்றேன். இங்கேதான் எதிர்பாராத சிக்கல் வந்தது.

"என் பேர் மட்டும் எப்படிப் போடுவது?" என்றார் அவர். "மண்ணை நனைத்து மிதித்தவன் மகன். சக்கரத்தில் வைத்தது நான். தட்டி அடி சேர்த்தது மருமகள். செம்மண் பூசிக் கோலம் வைத்தது பேத்தி. நாலு பேர் வேலை ஐயா இது."

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் சிலருக்கு இது புதுமையாக இருக்கலாம். சக்கரத்தில் பானை முழுதாக உருவாகிவிடுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அப்படி அன்று. சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுக்கும்போது பானைக்கு வாயும் கழுத்தும் உண்டு, அடி கிடையாது. பாதி காய்ந்த நிலையில், உள்ளே ஓர் உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் மெல்ல மெல்லத் தட்டித் தட்டி, தடித்த சுவரை மெலியச் செய்து, அடியைக் கூட்டிச் சேர்க்கிறார்கள். சக்கரத்தின் சுழற்சியைப் பார்த்து நாம் வியக்கிறோம், படமும் பிடிக்கிறோம். பானையைப் பானையாக்குவது மூலையில் உட்கார்ந்து தட்டுகிற அந்தக் கை. அந்தக் குடும்பத்தில் அது ஒரு பெண்ணின் கை.

நாலு பெயரையும் எழுதினேன். இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓவியர்களில் ஓர் இளைஞருக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு படத்துக்கு நாலு பேர் கையெழுத்துப் போட்டால் அது கலையா, கூட்டுறவுச் சங்கமா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அதற்கு விடை சொன்னவர் நானல்லேன். சுவரோரமாகத் தம் படத்தை மாட்டிக்கொண்டிருந்த இன்னொரு ஓவியர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அண்ணா சாலையில் ஒரு காலத்தில் வரிசையாக நின்ற சினிமாத் தட்டிகளை எழுதியவர் அவர். அந்தத் தட்டிகள் நினைவிருக்கிறதல்லவா? கிட்டத்தில் போய்ப் பார்த்தால் கதாநாயகியின் கன்னத்தில் பச்சையும் நீலமும் அப்பியிருக்கும். நூறடி தள்ளி நின்றால் முகத்தில் களை சொட்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணினியில் அச்சடித்த வினைல் தட்டிகள் வந்தன. சில ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. அவரும் கடைப் பெயர்ப் பலகை எழுதினார். பிறகு அதுவும் போயிற்று.

"தம்பி, நாங்களும் நாலு பேர்தான்" என்றார் அவர். "புகைப்படத்தில் கட்டம் போட்டுத் துணியில் கட்டம் போடுகிறவன் ஒருவன். சேலைக்கும் வானத்துக்கும் ஒருவன். எழுத்துக்கு ஒருவன். முகத்தை மட்டும் வாத்தியார் எழுதுவார். மூலையில் கம்பெனிப் பெயர் இருக்கும். எங்கள் பெயர் இராது. ஊரே நின்று பார்த்த படம் அது."

இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், தம் படத்தின் அட்டையில், சட்டம் அடித்துக்கொடுத்த தச்சர் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார். அது மனம் மாறியதாலா, இன்னொரு விளையாட்டா என்று நான் கேட்கவில்லை.

இனி, விலையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் மாலை, நன்றாக உடுத்த ஒரு கனவான் வந்தார். பதினையாயிரம் ரூபாய் விலையிட்ட ஒரு நீர்வண்ணப் படத்தை அரை நாழிகை நின்று பார்த்து, ஒரு சொல் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். நல்ல படம், கூவத்தின் மேல் விடியற்காலைப் பனி. அந்த ஓவியருக்கு அந்தப் பணம் எவ்வளவு தேவை என்பதை நான் அறிவேன், மனம் குளிர்ந்தது. அதே கனவான் திரும்பும்போது இருநூறு ரூபாய்ப் பானை ஒன்றை எடுத்து, "நூற்றைம்பதுக்குக் கொடுக்கலாமே" என்றார். அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். நம் வீட்டுப் பெரியவர்கள் பானைக்காரரிடம் பேரம் பேசுவதை நாம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஓவியரிடம் பேசுவதைப் பார்க்க வாய்ப்பே இருந்ததில்லை. பெரியவர் கொடுக்கவில்லை. "நூற்றைம்பதுக்கு இதோ சின்னது இருக்கிறது" என்று காட்டினார். கனவான் இருநூறே கொடுத்தார்.

அடுத்தது அந்த 'தொடாதீர்கள்' அட்டை. பெயர்ப் பிரச்சினை தீர்ந்த அவசரத்தில் அது பானைகளின் பக்கத்திலேயே நின்றுவிட்டது. முதல் நாள் பானை ஒன்றுகூட விற்கவில்லை, அந்தக் கனவான் வாங்கியதைத் தவிர. பெண்கள் வந்தார்கள், கையை நீட்டினார்கள், அட்டையைப் பார்த்தார்கள், கையை மடக்கிக்கொண்டார்கள். தட்டிப் பாராமல் எப்படி வாங்குவார்கள்? பெரியவர் அட்டையைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தார். என் அநுமதியைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. இரண்டாம் நாள் கூடம் முழுதும் கணீர், கணீர் என்று ஒரே ஓசை. ஜலதரங்கக் கச்சேரி நடப்பதாக நினைத்து ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலைக்குள் பெஞ்சு காலி.

அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது. கூட்டத்தில் ஒரு சிறுவன் கை தவறி ஐந்து முக விளக்கு ஒன்றைக் கீழே போட்டான். சுக்கு நூறாயிற்று. தாய் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். பெரியவர் குறுக்கே வந்து, "உடையவே உடையாத விளக்கு செய்தால் அப்புறம் எங்களை யார் தேடி வருவார்கள் அம்மா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்தபின், சிதறின துண்டுகளை மருமகள் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் கட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். ஐந்து முகமும் அவள் கையால் சேர்த்தவை. பெரியவருடைய வேடிக்கைப் பேச்சில் பாதிச் செலவு அவளுடையது. விளக்கின் விலையைக் கண்காட்சிக் கணக்கில் எழுதிக் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பள்ளியின் முற்றத்தில் சக்கரத்தை இறக்கிச் சுழற்றிக் காட்டினார்கள். சூளையைத்தான் காட்ட முடியவில்லை. வைக்கோலும் விறகும் வறட்டியும் அடுக்கி, மேலே மண் பூசி மூடி எரிக்கிற சூளைக்கு நகரத்து நடுவில் இடம் ஏது? புகை வந்தால் மாடி வீட்டுக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் யார் புகையைப் பொறுப்பார்கள்? மண்ணும் முன்போல அருகில் கிடைப்பதில்லை. ஏரி இருந்த இடத்தில் வீடு வந்துவிட்டால் வண்டலுக்கு எங்கே போவது? லாரியில் தூரத்திலிருந்து வரவேண்டும். வாடகை மண்ணின் விலையை விழுங்கிவிடுகிறது.

சூளையைக் காட்ட முடியாததற்கு ஈடாக, பெரியவர் ஒரு பானையைக் காட்டி, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஏன் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். பானையைக் கவிழ்த்துச் சூளையில் வைத்தால், காற்றுப் படுகிற வெளிப்புறத்தில் மண்ணில் உள்ள இரும்புச் சத்து சிவக்கிறது; காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்புறமும் புகையுண்டு கறுக்கின்றன. இதே கறுப்பு சிவப்புப் பாண்டந்தான் ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கொடுமணலிலும் மண்ணுக்கடியில் கிடைக்கிறது. நூல்களில் இதை நான் பல முறை படித்திருக்கிறேன். ஒரே நிமிஷத்தில், கவிழ்த்த உள்ளங்கையைக் காட்டி அவர் விளக்கியபோதுதான் எனக்கு விளங்கியது. சினிமாத் தட்டி எழுதிய ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விளக்குவதையே ஒரு படமாக எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் படம் விற்பனைக்கு வரவில்லை. பெரியவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, நான் பார்த்தேன். மூலையில் இந்த முறை அவர் பெயர் இருக்கிறது.

மொத்தத்தில் படங்கள் மூன்று விற்றன. முப்பதில் மூன்று. ஓவியர்களுக்கு அது போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பானைகளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். நாள் முழுதும் நின்று, ஒரு படமும் விற்காமல், அவற்றைப் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிய ஓவியர்களை நான் மறந்துவிடவில்லை. படத்தைத் தட்டிப் பார்த்து வாங்க வழி இல்லை. அதைப் பார்க்கப் பழக வேண்டும். பழகுவதற்கு மூன்று நாள் பற்றாது. அதனால்தான் ஆண்டுதோறும் நடத்துவது என்று முடிவு செய்தோம்.

நானும் ஒரு தண்ணீர்ப் பானை வாங்கினேன். தட்டிப் பார்த்துத்தான். "முதல் மூன்று நாள் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்டிவிடுங்கள் ஐயா, மண் வாசனை போகட்டும். வெளியே கசிகிறதே என்று பயப்படாதீர்கள். கசிந்து காற்றில் உலர்வதால்தான் உள்ளே குளிர்கிறது. கசியாத பானை குளிராது" என்று சொல்லிக் கொடுத்தார். என் வீட்டில் பானைக்கு அடியில் ஒரு தட்டு வைத்திருக்கிறோம்.

அடுத்த கண்காட்சிக்கான கூட்டம் சென்ற வாரம் நடந்தது. நாள் குறிப்பதற்கு முன்னால் பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவர் விரலை மடக்க ஆரம்பித்தார். மருமகள் உள்ளிருந்தபடியே, "மாசி பத்துக்கு மேல்" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டு வந்தோம்.